பத்து மணிக்கு யார் வருவார்கள்?

அன்புள்ள சேர்,

நான் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்வியும் பயிற்சியும் கொடுத்துத் தோட்ட மக்களை முன்னேற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இணைப்பாளராக இருக்கிறேன். தையல், கணினி, தலைமைத்துவம் என்று வகுப்புகள் வைக்கிறோம். பெண்கள் வருவதில்லை, வந்தாலும் இரண்டாம் வாரம் நின்றுவிடுகிறார்கள். எங்கள் சனத்துக்கு அக்கறையே இல்லையோ என்று தோன்றுகிறது. இதிலேயே இருப்பதா, கொழும்புக்குப் போய் மேலே படிப்பதா?

ஒரு வாசகி

அன்புள்ள மகள்,

கொழும்பா தோட்டமா என்பதை அப்புறம் பார்ப்போம். "அக்கறையே இல்லையோ" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. உரிமையோடு திட்டுகிறேன், கேட்டுக்கொள்.

வகுப்பு எத்தனை மணிக்கு என்று நீ எழுதவே இல்லை. நான் சொல்லட்டுமா? வார நாளில், காலை பத்து மணிக்கு, டவுனில் ஒரு மண்டபத்தில். கொழும்பிலிருந்து வளவாளர் வந்துசேர அந்த நேரமாகும். படம் எடுக்க வெளிச்சமும் நன்றாக இருக்கும். அந்தப் பத்து மணிக்கு உன் சனம் எங்கே இருக்கும்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மலை ஏறி, நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். வராமலே நின்றால் அதுவும் இல்லை. உன் தையல் வகுப்புக்கு அந்தப் பெண் கட்டும் கட்டணம் அந்த ஒரு நாள் பேர். நீங்களோ வாசலில் "இலவசப் பயிற்சி" என்று பேனர் கட்டுகிறீர்கள்!

அக்கறை இல்லாதது யாருக்கு? 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை ஒரே மடுவக் கொட்டகையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு ஒரே வாத்தியார் தொண்டை கிழியக் கத்தினார்.

எங்கள் தோட்டத்து வாத்தியார், பகலில் கத்தியது போதாதென்று, இரவில் பெண்களுக்கும் படிப்பித்தார். கொழுந்து நிறுத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு அவர்கள் வரும் நேரத்தில்தான், பகலில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பிராவைத் திறப்பார். அரிச்சுவடி பிறகு, முதல் பாடம் சம்பளச் சீட்டு. முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, சங்கச் சந்தா எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, டோபிக்கு எவ்வளவு, தீபாவளி முற்பணத்தில் மிச்சம் எவ்வளவு. என் அம்மா எண்ணைக் கற்றது அங்கேதான். ஒரு சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னலில் நின்று, சீட்டில் ஓர் இடத்தை விரலால் தொட்டு, "இந்தப் பேர் எங்கே போச்சு ஐயா?" என்று கேட்டார். கிளாக்கர் பேர்க் கணக்கு எழுதும் செக்ரோலைப் புரட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார். செய்தி தொழிலாளர் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் போயிற்று. அதன்பின் வகுப்புக்கு யாரும் ஆள் சேர்க்கவில்லை, தானாக வந்தார்கள்.

தையல் நல்லதுதான், கணினியும் வேண்டும். தலைமைத்துவத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. முதலில் சீட்டைச் சொல்லிக்கொடு. சேமலாப நிதிக்குத் தன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள், தோட்டம் தன் பங்காக 12 போட வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று உன் லயத்திலேயே கேட்டுப் பார். உன் அம்மாவிடமிருந்தே தொடங்கு.

படிப்பா? வார இறுதி வகுப்பாக ஏதாவது இருக்கிறதா என்று விசாரி. வேலையை விடாதே. அடுத்த திட்ட அறிக்கையில் நேரம் என்ற கட்டத்தில் மாலை ஆறரை என்று எழுது. உன் நிறுவனத்து மேலாளர் ஏன் என்று கேட்டால், ஒருநாள் விடியற்காலையில் அவரைப் பிரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போ. பிள்ளைக்காம்பிராவைத் திறக்கத் தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி வேண்டியிருக்கும். கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடு, பதில் வர இழுத்தடிப்பார்கள்.