வெளிநாட்டில் படித்தபோது வார இறுதியில் ஒரே நாளில் போய்வந்த ஊர்களில் உங்கள் மனதில் நிற்பது எது?

பிரான்சில் ரென் நகரத்தில் இரண்டு வருடம் முதுகலை படித்தேன், சொந்த ஊர் புதுச்சேரி முதலியார்பேட்டை. கூடப் படித்தவர்கள் சனிக்கிழமை ஆனால் பழைய மடாலயம் இருக்கிற மோன் சேன் மிஷேல் தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் போயிருக்கிறேன், அழகான இடம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு என் பதில் லோரியான் துறைமுகமும், அதற்கு எதிர்க்கரையில் இருக்கும் போர் லூயி கோட்டையும். புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் அந்தப் பக்கம் படிக்கப் போனால் கட்டாயம் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ரென்னிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. 26 வயதுக்குள் இருந்தால் அந்தப் பகுதி ரயில்களில் டிக்கெட் விலை குறைவு. கடலூர் முதுநகர் நண்பன் ஒருவனும் கூட வந்தான்.

இறங்கியதும் முதலில் ஏமாற்றம்தான். பழைய ஊர் என்று ஒன்றுமே இல்லை, எங்கே பார்த்தாலும் கான்கிரீட் கட்டடம். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தளம் அங்கே இருந்ததால் 1943 ஜனவரி, பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டன. எனக்கு உடனே நம் ஊர் ஞாபகம் வந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் தெருக்களையும் இப்படித்தான் இடித்துத் தள்ளினார்கள். இன்று கடற்கரைப் பக்கம் எல்லோரும் நின்று போட்டோ எடுக்கிற மஞ்சள் வீடுகள் அதற்கப்புறம் எழும்பியவை.

1664இல் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1666இல் இந்த இடத்தை வாங்கிக் கப்பல் கட்ட ஆரம்பித்தது. முதலில் கட்டிய பெரிய கப்பலுக்குப் பெயர் 'கிழக்கின் சூரியன்', அதிலிருந்துதான் ஊருக்கே கிழக்கு என்று பொருள்படும் லோரியான் என்ற பெயர் நிலைத்தது. அவர்கள் சொன்ன கிழக்கில் நம் ஊரும் சேர்த்தி.

கோட்டைக்குப் படகில் போக வேண்டும், டவுன் பஸ் டிக்கெட்டே படகுக்கும் செல்லும். உள்ளே கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. கப்பல் மாதிரிகள், சீனப் பீங்கான், வரைபடங்கள் என்று பார்த்துக்கொண்டே போனபோது, "மச்சான், இங்க வாடா, பாண்டி போட்டிருக்கான்" என்று நண்பன் கத்தினான். வரைபடத்தில் நம் கரை. இங்கிருந்து கிளம்பினால் ஆறு மாதத்துக்கு மேல் கடலிலேயே கிடந்து அங்கே போய்ச் சேர்ந்த கப்பல்கள், துறைமுகம் இல்லாததால் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், நம் ஆட்கள் சலங்கு என்கிற படகில் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்குவார்கள். எந்தக் கதையிலும் அந்தப் படகுக்காரர்களைத்தான் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு அது வருத்தம்.

அப்புறம் துணிகள். இந்தியாவிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணிகளை வெளிச்சம் குறைத்துக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். இந்தத் துணிகள் வந்து உள்ளூர் நெசவைக் கெடுக்கின்றன என்று பிரான்ஸ் அரசே 1686 முதல் 1759 வரை தடை போட்டு வைத்திருந்தது, அப்படியும் ஜனங்கள் வாங்கி உடுத்தியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் துவைத்தாலும் போகாத நம் சாயம்தான். படிகாரம் ஏற்றி, சாயவேரில் காய்ச்சி எடுக்கிற அந்தச் சிவப்பு அன்று அவர்களுக்குக் கைவரவில்லை.

என் தாத்தா புதுச்சேரி ஏ.எஃப்.டி துணி மில்லில் சாயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே நின்றபடியே போன் போட்டேன், ஊரில் அப்போது ராத்திரி ஏழரை இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கிட்டப் போய்ப் பாருப்பா, சாயம் வெளுத்திருக்கா?" என்று கேட்டார்.

கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். "இல்ல தாத்தா, செவப்பு அப்படியே இருக்கு" என்றேன்.