ஆறு மாத ஐரோப்பியப் பயணம்: முதலில் நாட்களை எண்ணுங்கள்

வணக்கம் ஐயா. பணி ஓய்வுக்குப் பிறகு நீங்களும் மனைவியும் கேம்பர்வேன் (உள்ளேயே தூங்க, சமைக்க வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து, ஸ்பெயினில் தொடங்கி கிரீஸ் வரை ஆறு மாதம் தொடர்ச்சியாகப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஆசை அருமையானது. ஆனால் சுற்றுலா விசாவில் இது நடக்காது. எந்த 180 நாட்களை எடுத்தாலும் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) மொத்தம் 90 நாட்கள்தான் இருக்கலாம். நாட்டுக்கு 90 என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள். உள்ளே நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். குரோஷியா 2023 முதல் ஷெங்கனில். பல்கேரியா, ருமேனியா 2025 முதல் முழுமையாக.

அதனால் பயணத்தை உடைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அல்பேனியா, மாண்டினீக்ரோ, போஸ்னியா பக்கம் போய்விட்டால் அந்த நாட்கள் 90-இல் சேராது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அங்கே தனி விசா வேண்டுமா என்று பாருங்கள். அந்த நாடுகளுக்குள் வண்டி போகலாம் என்று வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் காப்பீடு செல்லாமல் போகலாம். ஓட்டுநர் வயது வரம்பையும் அப்போதே கேளுங்கள்.

சாதாரண கார் உரிமத்தில் ஓட்டும் வண்டியின் எடைக்கு 3,500 கிலோதான் எல்லை, ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து. நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ! அப்புறம், மனைவியின் இரத்த அழுத்த மாத்திரைக்கு மருந்தின் பொதுப்பெயர் போட்ட மருத்துவர் சீட்டு கட்டாயம் கையில் இருக்கட்டும்.

முதல் வாரம் ஒரே முகாமில் தங்கி வண்டியைப் பழகுங்கள். மனைவியும் ஓட்டுவாரா?