பாக்டீரியா நீலத்துக்கு ஹைட்ரோஸ் வேண்டாமா?

கேள்வி: கைத்தறி நூலுக்கு அவுரிக் கட்டியில் நீலம் போடுகிறேன். பாக்டீரியாவில் தயாரித்தது என்று ஒரு வியாபாரி நீலப் பொடி கொண்டுவந்தார். இதுவும் இயற்கைச் சாயம்தான், ஹைட்ரோஸ் (நீலத்தைத் தண்ணீரில் கரையவைக்கும் ரசாயனம்) போடாமலே நூலில் ஏறும் என்கிறார். வாங்கலாமா?
– சாயப்பட்டறை நடத்தும் வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: பாக்டீரியா நீலம் தரும் என்பது உண்மை. சூடோமோனாஸ் பாக்டீரியாவின் மரபணுக்களை ஈ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, இண்டிகோ என்ற நீல நிறமியை எடுத்ததை 1983-லேயே அறிவித்துவிட்டார்கள். ஈ.கோலை டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் என்ற பொருளாக்கும். அந்த மரபணுக்களால் புதிதாக வந்த நொதி அதில் ஆக்சிஜனை ஏற்றும். அப்புறம் காற்றுப் பட்டதும் இரண்டிரண்டாக இணைந்து இண்டிகோ ஆகிவிடும். அவுரி இலை ஊறிய தண்ணீரை அடித்துக் கலக்கும்போது நடப்பதும் இந்தக் கடைசிப் படிதான்.

மூலக்கூறு ஒன்றுதான் என்பதால் குணமும் ஒன்றுதான். ஒரு சிட்டிகைப் பொடியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், கரையாது. கரைந்தால்தான் இழைக்குள் போகும். நூல் பச்சையும் மஞ்சளுமாகத் தொட்டியிலிருந்து வந்து, காற்றில் உங்கள் கண்ணெதிரே நீலமாக வேண்டுமென்றால் ஹைட்ரோஸோ, தகரை விதையும் சுண்ணாம்பும் போட்ட புளிப்புத் தொட்டியோ கட்டாயம் வேண்டும்.

வியாபாரி வேறொன்றைக் கேள்விப்பட்டுக் குழப்பிக்கொண்டிருக்கலாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு 2018-இல் ஒரு வழி காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஜப்பானியச் சாயச்செடி ஒன்றின் நொதியை ஈ.கோலைக்குள் வைத்தார்கள். இண்டிகோவாக இணைவதற்கு முன்பே அந்த நொதி ஒரு சர்க்கரையை ஒட்டிவிடும். கிடைப்பது இண்டிகன்: நிறமில்லை, தண்ணீரில் கரையும். துணியில் ஏற்றி, இன்னொரு நொதியால் சர்க்கரையை வெட்டினால் நீலம் இழைக்குள்ளேயே பிறக்கும். ஹைட்ரோஸ் தேவையில்லாதது இந்த முறைக்குத்தான். உங்களிடம் வந்தது நீலப் பொடி என்றால், அது ஏற்கெனவே இண்டிகோ ஆகிவிட்ட சரக்கு.

சரி, சாதாரணத் தொட்டியில் போடவாவது வாங்கலாமா? இண்டிகோ எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். அவுரிக் கட்டியில் மண்ணும் இலைக்கசடும் கலந்திருக்கும். அதே எடைக்குச் சுத்தமான பொடியைப் போட்டால் நிறம் கறுத்துவிடும். முதலில் ஒரே ஒரு சிட்டம் நூலை முக்கிப் பாருங்கள். பாக்டீரியாவில் நீலம் தயாரிக்கும்போது இண்டிருபின் என்ற சிவப்பும் உடன் உருவாவதுண்டு. நீலம் ஊதாவாகத் தெரிந்தால் அது மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

வாங்கினால், பில்லிலும் லேபிளிலும் ‘அவுரி’ என்று போடாதீர்கள். அவுரிக்கென்று கூடுதல் விலை கொடுப்பவர் செடியிலிருந்து வந்த நீலம் என்று நம்பித்தான் கொடுக்கிறார்.