லிதுவேனியா மீது சீனாவுக்கு என்ன கோபம்?

கேள்வி: தைவானுக்கு எத்தனையோ நாடுகளில் அலுவலகம் இருக்கிறதே, லிதுவேனியாவிடம் மட்டும் சீனா ஏன் இவ்வளவு கடுமை காட்டியது? (வாசகர், காரைக்குடி)

பதில்: அலுவலகப் பலகையில் இருந்த பெயர்தான் காரணம். தைவான் தனி நாடல்ல, தன்னுடைய பகுதி என்பது சீனாவின் வாதம். சீனாவோடு உறவுள்ள நாடுகளில் தைவான் வழக்கமாகத் தன் தலைநகரின் பெயரில்தான் அலுவலகம் நடத்தும். சென்னையில் இருப்பதும் 'தைபே பொருளாதார, பண்பாட்டு மைய'மே. லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் 2021 நவம்பர் 18 அன்று திறந்த அலுவலகமோ 'தைவான்' பெயரையே தாங்கியது. திறக்கப்போவதாக அறிவித்ததுமே, ஆகஸ்டில் சீனா தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. திறந்த மூன்றே நாளில் உறவைப் பொறுப்புத் தூதர் (தூதருக்குக் கீழ்நிலையில் இருப்பவர்) மட்டத்துக்குக் குறைத்தது.

கேள்வி: அப்படியானால் உறவு முறிந்துவிட்டதா?

பதில்: இல்லை. நாடுகளின் தூதரக உறவுகளுக்கான 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 14-வது பிரிவு தூதரகத் தலைவர்களை மூன்று வகையாக்குகிறது. தூதரின் நியமனப் பத்திரம் நாட்டுத் தலைவரிடம் போகும். கடைசி வகையான பொறுப்புத் தூதருக்கு வெளியுறவு அமைச்சர் மட்டத்தோடு சரி. தைவானுக்கு நீர்மூழ்கிக் கப்பல் விற்ற நெதர்லாந்துடனும் 1981-ல் சீனா இதையே செய்தது; 1984-ல் மீண்டும் தூதர்கள் வந்தார்கள்.

லிதுவேனியா விஷயத்தில் நிலைமை முற்றியது அடையாள அட்டையால். அங்குள்ள லிதுவேனியத் தூதரகத்தின் பெயரை மாற்றவேண்டும், அதன் அதிகாரிகள் பழைய அட்டைகளை ஒப்படைக்கவேண்டும் என்றது பெய்ஜிங். அட்டை போனால் தூதரகப் பாதுகாப்பு என்னவாகும் என்பதற்கு உறுதி இல்லை. அதனால் 2021 டிசம்பர் 15 அன்று குடும்பத்தினரோடு சேர்த்து 19 பேர் பெய்ஜிங்கை விட்டுக் கிளம்பினார்கள். அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

கேள்வி: லிதுவேனியாவின் ஏற்றுமதியில் சீனாவுக்குப் போவது சுமார் 1 சதவீதம்தானே? பிறகென்ன நஷ்டம்?

பதில்: அந்த 1 சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். டிசம்பர் தொடக்கத்தில் சீனச் சுங்கத்துறையின் கணினிப் பட்டியலிலிருந்து லிதுவேனியாவின் பெயரே காணாமல் போனது. நாட்டைக் குறிப்பிட முடியாவிட்டால் படிவம் ஏறாது, சரக்கு வெளியே வராது. சீனாவுக்குப் போகவேண்டிய 20,400 பாட்டில் ரம்மைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெரிய அடி உதிரிபாகத் தொழிலுக்கு. லிதுவேனியாவில் செய்த பாகங்களைத் தவிர்க்கும்படி ஜெர்மனியின் வாகன உதிரிபாக நிறுவனமான கான்டினென்டல் போன்றவற்றைச் சீனா நெருக்குவதாகச் செய்தி வந்தது, சீனா மறுத்தது.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டார்களே, தீர்ப்பு என்ன?

பதில்: தீர்ப்பே வரவில்லை. லிதுவேனியா உறுப்பினராக உள்ள ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் புகார் கொடுத்தது. ஓராண்டு கழித்து விசாரணைக் குழு அமைந்தது. 2024 ஜனவரியில் ஒன்றியமே நிறுத்திவைக்கச் சொன்னது. நிறுத்திய வழக்கை 12 மாதத்துக்குள் மறுபடி தொடங்காவிட்டால் குழுவின் அதிகாரம் காலாவதியாகும். அப்படித்தான் 2025 ஜனவரியில் முடிந்தது. இதற்கிடையே, பொருளாதார மிரட்டலுக்குப் பதிலடி கொடுக்கும் தனிச் சட்டத்தை ஒன்றியம் 2023 டிசம்பர் 27 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி மிரட்டல் நடந்ததா என்ற ஆய்வைச் சாதாரணமாக 4 மாதத்துக்குள் முடிக்கவேண்டும். பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால் கூடுதல் வரி வரை போகலாம்.