கல்கத்தாவும் கொல்கத்தாவும் ஒன்றில்லையா?

கேள்வி: மேடம், பைத்தானில் ஒரு செயலி எழுதியிருக்கிறேன். பயனரின் பிரவுசர் சொல்லும் டைம் ஸோனும் டேட்டாபேஸில் இருப்பதும் வேறாக இருந்தால், ‘ஊர் மாறிவிட்டீர்களா?’ என்று கேட்கும். திருநெல்வேலியை விட்டு நகராதவர்களிடமும் கேட்கிறது! ஒன்றில் ‘ஆசியா/கல்கத்தா’, இன்னொன்றில் ‘ஆசியா/கொல்கத்தா’. இரண்டும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால்தானே? அந்த ஐந்தரையை மட்டும் ஒப்பிட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அதனால் நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

வருகைப் பதிவு மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். சென்னைக்கும் கொழும்புக்கும் இன்று ஒரே ஐந்தரைதானே என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். அப்புறம் யாரோ 2003-ஆம் ஆண்டு ஓவர்டைம் கணக்கைத் திறந்தார்கள். கொழும்பில் மாலை ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள் எல்லாரும் ஐந்தரைக்கே கிளம்பியதாக வந்தது. இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, பிறகு ஆறு மணி வித்தியாசத்தில் நிறுத்தி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஒழுங்காக உழைத்தவர்களின் அரை மணி நேரம் எங்கள் ஒரு வரியால் காணாமல் போயிருந்தது.

டைம் ஸோன் என்பது ஒரு எண் இல்லை, ஓர் ஊரின் கடிகார வரலாறு. ‘ஆசியா/கொல்கத்தா’வைத் திறந்து பாருங்கள், 1906-க்கு முன் ஐந்து மணி 21 நிமிடம் 10 விநாடி என்று இருக்கும். அது நம் மெட்ராஸ் நேரம்!

சரி, பைத்தான் ஏன் ‘வேறு’ என்கிறது? அதன் டைம் ஸோன் நூலகமான ‘ஸோன்இன்ஃபோ’, உள்ளே இருக்கும் விதிகளை ஒப்பிடுவதில்லை. இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கிறது. ஒரே பெயரை இரண்டு முறை கேட்டால் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பிலிருந்து அதே பொருள் வரும், அதனால் ‘ஆம்’. கல்கத்தா வெறும் மாற்றுப்பெயர்தான் என்றாலும் தனிப் பொருளாக உருவாவதால் ‘இல்லை’.

ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழிப்பதிலும் இதே கதை. கொழும்பில் 2006 ஏப்ரல் 14 நண்பகலிலிருந்து 16 நண்பகல் வரை, நடுவில் கடிகாரம் அரை மணி பின்னே போனதால், உண்மையில் ஓடியது 48½ மணி நேரம். இரண்டு தேதிகளிலும் ஒரே ஸோன் பொருள் இருந்தால் பைத்தான் சுவர்க்கடிகாரத்தை மட்டும் கழித்து 48 என்று சொல்லும். கேஷைத் தவிர்க்கும் ‘நோ_கேஷ்’ போட்டு இரண்டு பொருளாக எடுத்தால் யூடிசிக்கு மாற்றிக் கழித்து 48½ என்று சொல்லும். அதனால் கால அளவு வேண்டும்போதெல்லாம் முதலில் யூடிசிக்கு மாற்றுங்கள்.

உங்கள் சிக்கலுக்கு வருவோம். டைம் ஸோன் தரவுகளோடு ‘டிஇசட்டேட்டா.இசட்ஐ’ என்ற கோப்பு வரும். அதில் ‘எல்’ எழுத்தில் தொடங்கும் வரிகள்தான் மாற்றுப்பெயர்ப் பட்டியல்: முதலில் மூலப் பெயர், அடுத்தது மாற்றுப்பெயர். அதை ஒரு டிக்‌ஷனரியில் ஏற்றி, இரு பெயர்களையும் மூலப் பெயருக்கு மாற்றி, எழுத்துச் சரங்களாகவே ஒப்பிடுங்கள்.

ஒப்பிட மட்டும்தான்! டேட்டாபேஸில் பயனர் கொடுத்த பெயரே இருக்கட்டும். 2022 முதல் அந்தப் பட்டியலில் ஆஸ்லோவும் பெர்லினின் மாற்றுப்பெயர்தான். நார்வேக்காரருக்கு ‘உங்கள் ஊர் பெர்லின்’ என்று காட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்?