மேஜிக் கிங்டம் வாணவேடிக்கை: கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது?

ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் இரவு வாணவேடிக்கை பார்ப்பது பற்றி நார்த் கரோலினாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டிசம்பர் 26 முதல் 31 வரை ஆர்லாண்டோவில் இருக்கிறோம். நாலு வயசுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, நாங்கள் இருவர். அம்மாவால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. மேஜிக் கிங்டத்தில் கோட்டைக்கு ஒட்டினாற்போல இடம் பிடிக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? 31ஆம் தேதி இரவுதான் பார்க்கணும் என்கிறார் கணவர்."

முதலில் கணவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 31 வேண்டாம். வருஷத்திலேயே கூட்டம் அதிகம் வரும் நாட்களில் அது ஒன்று, பூங்கா நிரம்பிவிட்டால் புதிதாக ஆள் உள்ளே விடுவதை நிறுத்துவதும் உண்டு, அப்படி நிறுத்திய பிறகு நீங்கள் பாதியில் வெளியே போய் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று நினைத்தால் அது நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நள்ளிரவு வரை ஒரு நாலு வயசுப் பிள்ளையையும் வயதான அம்மாவையும் அந்த நெரிசலில் வைத்திருப்பது அவர்களுக்குத் தண்டனை. கணவருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது: புத்தாண்டுக்கென்று போடும் 'ஃபேன்டஸி இன் தி ஸ்கை' வாணவேடிக்கையை சமீப ஆண்டுகளில் 30ஆம் தேதி இரவும் போடுகிறார்கள். கோட்டைக்குப் பின்னால் மட்டும் இல்லாமல் பூங்காவைச் சுற்றிப் பல பக்கமும் வெடிக்கும் வகை அது. 30ஆம் தேதியும் கூட்டம்தான், ஆனாலும் 31க்குப் பரவாயில்லை. உங்கள் நிலையில் நானாக இருந்தால் 26லிருந்து 29க்குள் ஒரு நாளைப் பூங்காவுக்கு ஒதுக்கி, வழக்கமான வாணவேடிக்கையான 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' பார்த்துவிடுவேன். எந்த நாளில் எது, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் டிஸ்னியின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வாரத்தில் நேரம் நாளுக்கு நாள் மாறும்.

சரி, இடத்துக்கு வருவோம். கோட்டைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சின்ட்ரெல்லா கோட்டை 189 அடி உயரம். வெடிகளோ கோட்டையில் இல்லை, அதற்குப் பின்னால், ஃபேன்டஸிலேண்ட் என்ற பகுதியையும் தாண்டி, நாம் போக முடியாத பகுதியிலிருந்து கிளம்புகின்றன. கோட்டையடி மேடைக்கு முன்னால் நின்றீர்கள் என்றால் பின்னாலிருந்து எழும் தாழ்வான வெடிகளைக் கோட்டையே மறைத்துவிடும், உயரமானவற்றைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்துகொண்டே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, இந்தக் காட்சியில் பாதி வானத்தில் இல்லை, கோட்டைச் சுவரில்தான். படங்களை ஒளியாகப் பாய்ச்சி அந்தச் சுவரையே திரையாக்குகிறார்கள். திரையில் மூக்கு இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து யாரும் சினிமா பார்ப்பதில்லை.

2023 ஏப்ரலில் இந்தக் காட்சியைத் திரும்பக் கொண்டுவந்தபோது அந்த ஒளிப்படங்களைக் கோட்டையோடு நிறுத்தாமல், வாசலிலிருந்து கோட்டையை நோக்கிப் போகும் மெயின் ஸ்ட்ரீட் தெருவின் கட்டடங்கள் மேலும் விழ வைத்துவிட்டார்கள். அதனால் பின்னால் நிற்பவர்களுக்கு இப்போது முன்பைவிட லாபம். வால்ட் டிஸ்னி மிக்கியின் கையைப் பிடித்து நிற்கிற சிலை இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னாலிருந்து ஹாட்டாக் விற்கும் கேஸீஸ் கார்னர் வரைக்கும் உள்ள பகுதி, அதாவது மெயின் ஸ்ட்ரீட் வந்து கோட்டைக்கு முன்னால் உள்ள வட்டத்தில் முடிகிற வாய்ப்பகுதி, நிற்பவர்களுக்கு அதுதான் முதல் தரம். கோட்டை முழுசாகத் தெரியும், இரண்டு பக்கமும் வானம் தெரியும், கடைசியில் பீட்டர் பேன் கதையில் வரும் குட்டித் தேவதை டிங்கர் பெல் கோட்டை உச்சியிலிருந்து கம்பியில் டுமாரோலேண்ட் பக்கமாக, அதாவது உங்கள் வலப்பக்கமாகப் பறந்து போவதும் தெரியும். அதைப் பையன் தவறவிடக் கூடாது. காற்று பலமாக இருந்தால் அவள் பறக்க மாட்டாள் என்பதால் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்!

இடம் பிடிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, விளக்குக் கம்பமும் மரக்கிளையும். பகலில் கண்ணில் படாத ஒரு கம்பம் இரவில் கோட்டையை நடுவில் பிளந்து நிற்கும், அதனால் இடம் போட்டதும் பையன் உயரத்துக்குக் குனிந்தும் ஒரு தரம் பாருங்கள். இரண்டாவது, தரையில் ஒட்டியிருக்கும் டேப். நடைபாதைக்காக ஊழியர்கள் டேப் ஒட்டி எல்லை பிரித்திருப்பார்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று போய் நின்றால் காட்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு டார்ச் விளக்கோடு வந்து நகர்த்திவிடுவார்கள், அப்போது நல்ல இடம் ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்த டேப்பை ஒட்டி, உட்புறமாக, முதல் ஆளாக நிற்பது கெட்டிக்காரத்தனம். நடைபாதை காலியாகவே இருக்கும் என்பதால் முன்னால் யாருடைய முதுகும் இருக்காது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த இடம் கிடைக்க ஒன்றரை மணி நேரம் முன்னதாகவாவது போக வேண்டியிருக்கும், 30ஆம் தேதி என்றால் இன்னும் முன்னதாக. இங்கேதான் அம்மாவின் பிரச்சினை வருகிறது. வட்டத்தின் இரண்டு பக்கமும் செயற்கைப் புல்தரை இருக்கிறது, அங்கே உட்காரலாம் என்று சொல்வார்கள். உண்மைதான், காத்திருக்கும் நேரத்தில் உட்காரலாம். விளக்கு அணைந்து பாட்டு தொடங்கியதும் முன்வரிசை எழுந்து நிற்கும், உடனே எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்கு மேலே போன்களும் டேப்லெட்களும் எழும்பும், உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்புகள்தான் தெரியும். மடக்கு நாற்காலி கொண்டுபோகலாமா என்றால் அதற்கு அனுமதி இல்லை. செல்ஃபி குச்சிக்கும் தடை உண்டு, 2015 முதல்.

ஆகவே அம்மாவுக்கு என் யோசனை சக்கர நாற்காலி. "எனக்கு என்ன, நன்றாகத்தானே நடக்கிறேன்" என்று அம்மா கோபித்துக்கொள்ளலாம், நம் ஊர்ப் பெரியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு நாள் முழுக்க அந்தப் பூங்காவில் நடந்தால் சின்னவர்களுக்கே கால் கடுக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே வாடகைக்குத் தருகிறார்கள், ஆனால் முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதலில் என்பதால் அந்த வாரத்தில் காலையிலேயே தீர்ந்துவிடும். வெளியே வாடகைக்கு விடும் கடைகள் ஆர்லாண்டோவில் நிறைய, அங்கே எடுத்துக்கொண்டு போவது நிம்மதி. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு வாணவேடிக்கை நேரத்தில் தனி இடம் ஒதுக்குவார்கள், அதுவும் நிரம்பும், கூடவே எத்தனை பேர் நிற்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு இருக்கும். இன்றைக்கு அந்த இடம் எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள் என்று மத்தியானமே ஒரு ஊழியரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பெரிய விஷயம் இல்லை என்றால் இன்னொரு வழி, இனிப்பு விருந்து டிக்கெட். டுமாரோலேண்ட் டெரஸ் என்ற கூரை போட்ட உணவகத்தில் மேஜை நாற்காலி, வேண்டிய அளவு இனிப்பு, அங்கிருந்தே காட்சி. இதில் நாற்காலியோடு உள்ளது, நின்று பார்க்க மட்டும் இடம் தருவது என்று வகை வகையாக இருக்கிறது, விவரத்தை வாசிக்காமல் வாங்கி அம்மாவைப் புல்தரையில் நிறுத்திவிடாதீர்கள். டெரஸிலிருந்து கோட்டை பக்கவாட்டில்தான் தெரியும், சுவர்ப் படங்கள் கொஞ்சம் சாய்வாக விழும். விலையும் கொஞ்சநஞ்சமில்லை, மூன்று வயது நிரம்பிய பிள்ளைக்கும் கட்டணம் உண்டு. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்குச் சக்கர நாற்காலியே மேல், ஆனால் மழைத் தூறலோ குளிரோ இருக்கும் இரவில் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும்.

இன்னும் சில இடங்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூங்காவின் ரயில் நிலைய மாடி: தூரம், ஆனால் உயரம், வெளியேறும் வாசலும் பக்கத்திலேயே. கிறிஸ்துமஸ் காலத்தில் மெயின் ஸ்ட்ரீட்டுக்குக் குறுக்கே தோரணங்கள் கட்டுவதால் பார்வைக்குக் கொஞ்சம் குறுக்கிடும். ஃபேன்டஸிலேண்ட் பக்கம்: வெடிகள் தலைக்கு மேலேயே, பிரமாதமாக இருக்கும், ஆனால் கோட்டைப் படங்கள் தெரியாது, சத்தம் காதைப் பிளக்கும். நாலு வயசுக்கு அது வேண்டாம். அதில் ஸ்டோரிபுக் சர்க்கஸ் பகுதியை வெடித்துண்டுகள் விழும் என்பதால் அந்த நேரத்துக்கு மூடியும் விடுவார்கள். எங்கே நின்றாலும் பையனுக்குக் காதடைப்பு ஒன்று கையில் இருக்கட்டும், போன தீபாவளிக்கு அவன் எப்படி இருந்தான் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

புகையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. டிசம்பரில் ஃப்ளோரிடாவுக்குக் குளிர் இறங்கும்போது காற்று வடக்கிலிருந்து வீசும். வெடி கிளம்பும் இடம் கோட்டைக்கு வடக்கே, நீங்கள் நிற்பது தெற்கே. அப்படிப்பட்ட இரவில் புகை மொத்தமும் மெயின் ஸ்ட்ரீட் பக்கம் வரும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு ஏதும் இருந்தால் போன் வானிலையில் காற்றின் திசையைப் பார்த்துவிட்டு, வடகாற்று என்றால் நடுத்தெருவை விட்டு ஓரமாக நகர்ந்துவிடுங்கள். அந்தக் குளிர் இரவுகளில் பத்து டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவது உண்டு, ஃப்ளோரிடாதானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உங்களுக்கு முக்கியம். காட்சி பதினெட்டு நிமிஷம்தான். அது முடிந்ததும் வட்டத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே தெரு வழியாக வாசலுக்கு நகர்வார்கள், அங்கிருந்து கார் நிறுத்தத்துக்குப் போக மோனோரயிலுக்கோ படகுக்கோ இன்னொரு வரிசை. தூங்கி விழும் பிள்ளையோடு அதில் மாட்டினால் பார்த்த சந்தோஷம் எல்லாம் போய்விடும். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். பூங்கா இன்னும் ஓரிரு மணி நேரம் திறந்திருக்கும் நாளாக இருந்தால் அவசரப்படாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள். டிஸ்னி உள்ளே சாப்பாடு கொண்டுவர விடும், தயிர்சாத டப்பாவைத் திறக்க நல்ல நேரம் அதுதான் (ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், வாசலில் தடுத்துவிடுவார்கள்). உடனே கிளம்பியே ஆக வேண்டும் என்றால் தெருவில் இறங்காமல், வாசலைப் பார்த்து நடக்கும்போது வலப்பக்கம் வரும் எம்போரியம் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். கடைகள் உள்ளுக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்து ஏறக்குறைய தெருவின் முனை வரை போகும், சக்கர நாற்காலி தள்ளவும் தரை சமமாக இருக்கும். என்ன, பையன் பொம்மை கேட்பான்.

அப்புறம், பூங்காவுக்கு உள்ளே போகாமலே பார்க்கலாம், அதற்கு ஒரு இரவை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பூங்காவுக்கு முன்னால் உள்ள ஏரிக்கு எதிர்க்கரையில் டிஸ்னியின் பாலினேசியன் விடுதியின் மணற்கரை இருக்கிறது. அங்கிருந்து கோட்டை கட்டைவிரல் அளவுதான், சுவர்ப் படங்கள் ஒன்றும் புரியாது, ஆனால் வெடிகள் முழுசாகத் தெரியும், பாட்டையும் ஒலிபெருக்கியில் போடுவார்கள். ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்பதால் பூ விரிந்து நாலைந்து விநாடி கழித்துத்தான் 'டும்' என்று சத்தம் வந்து சேரும். பயப்படும் பிள்ளைக்கு இது பெரிய சௌகரியம், அடுத்த சத்தம் எப்போது வரும் என்று அவனையே எண்ணச் சொல்லலாம். அம்மா மணலில் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் எழுந்து மறைப்பது குறைவு. 1971 முதல் ஓடும் மின்விளக்கு மிதவை ஊர்வலம், கடல் பிராணிகள் வடிவத்தில் வரிசையாக, அந்த ஏரியில்தான் வரும். அது ஓடும் இரவாக இருந்தால் பையனுக்கு வாணவேடிக்கையைவிட அதுதான் பிடிக்கும்.

ஒரே சிக்கல், கிறிஸ்துமஸ் வாரத்தில் அங்கே தங்காதவர்களின் காரை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அந்த விடுதியில் ஒரு சாப்பாட்டு முன்பதிவு கையில் இருந்தால் விடுவார்கள். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், எனவே 28ஆம் தேதி இரவுக்கு அக்டோபர் 29 காலையில் உட்கார்ந்து பதிந்துவிடுங்கள், காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும்படி. கிடைக்காவிட்டால் ஒருவர் ரத்து செய்வார், முந்தின நாள் இரவு செயலியில் திரும்பத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று மாட்டும்.