நெடுந்தூர சைக்கிள்: சீட் வலிக்கு ஜெல் கவர் மருந்தாகாது

கேள்வி: ரோடு பைக் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய் வருகிறேன். 40 கி.மீ. தாண்டியதும் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போகிறது. வீடு வந்து குளித்தால் எரிகிறது. ஜெல் கவர் போட்டேன், இன்னும் மோசம். 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்ட ஆசை. பெண்கள் சீட் என்று கடையில் விற்பதை வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த ஜெல் கவரைக் கழற்றுங்கள். எடையைத் தாங்க வேண்டியவை இடுப்புக்கு அடியில் உள்ள இரண்டு உட்காரும் எலும்புகள். சீட் மெத்தென்று இருந்தால் எலும்புகள் அமிழ்ந்துபோய், நடுவில் பிதுங்கும் ஜெல் மென்மையான இடத்தை அழுத்தும். நரம்பும் ரத்த ஓட்டமும் நசுங்குவதால்தான் மரத்துப்போகிறது. காய்கறிக் கடைக்குப் போய்வர அது சுகம்தான், 90 கி.மீ.க்கு ஆகாது.

‘பெண்கள் சீட்’ என்ற லேபிளைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் அளவைப் பார்த்து வாங்குங்கள். பெண்களுக்கு இந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாகச் சற்று அதிகம் என்றாலும், ஆளின் பருமனை வைத்துக் கணிக்க முடியாது. ஒல்லியானவருக்கு 140 மி.மீ. இருக்கலாம், பருமனானவருக்கு 115 இருக்கலாம். பார்சல் பெட்டியின் நெளி அட்டை ஒன்றை மர ஸ்டூலில் வைத்து, மெல்லிய உடையோடு உட்காருங்கள். குதிகாலைத் தூக்கி, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல முன்னால் சாய்ந்து அரை நிமிடம் இருங்கள். எழுந்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் இரண்டு குழிகள் தெரியும். ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையம்வரை அளங்கள். அதோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம். 130 வந்தால் 150–160. அதற்குமேல் போனால் தொடையின் உள்பக்கம் உரசும். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் பலருக்கு உதவும். சிலருக்கு அந்தத் திறப்பின் விளிம்பே வீக்கம் தரும், அதனால் மாற்றித் தரும் கடையில் வாங்குவது நல்லது.

காசு செலவழிக்கும் முன் இப்போதைய சீட்டின் சாய்வைப் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும். சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் ஒரு அட்டையைப் பரப்பி ரசமட்டத்தை வையுங்கள். சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, லேசாகத் தூக்கியிருந்தாலே நீங்கள் சொல்லும் தொல்லை வரும். முதலில் சமமாக்குங்கள், போதாவிட்டால் ஒவ்வொரு டிகிரியாக மூக்கைத் தாழ்த்துங்கள், 3-க்கு மேல் வேண்டாம். முன்னால் வழுக்கிக்கொண்டே வந்து மணிக்கட்டு வலித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

எரிச்சலுக்கு உயரமும் காரணமாகலாம். குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிமட்டத்துக்குக் கொண்டுபோகும்போது முழங்கால் நேராக வேண்டும்; எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தால் சீட் உயரம். அப்போது இடுப்பு இரு பக்கமும் ஆடி, தோல் தேயும். பின்னாலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொன்னால் ஆட்டம் தெரிந்துவிடும். 5 மி.மீ. இறக்கிப் பாருங்கள். ஹேண்டில்பார் எட்டாமல் சீட்டின் மூக்குக்கு நகர்ந்து உட்காருகிறீர்களா? ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் 10–20 மி.மீ. குட்டையாக இருந்தால் போதும். எதை மாற்றினாலும் பழைய இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு ரைடு ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

பேடட் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை கூடாது. அதன் தையல்தான் பாதி உரசலுக்குக் காரணம். தோல் உரசும் இடத்தில் சாமுவா கிரீம் (சைக்கிள் ஓட்டுபவர்கள் உரசலைக் குறைக்கத் தடவும் கிரீம்) தடவுங்கள். பவுடர் வேர்வையில் கட்டிதட்டும். ரேசர் போட்டால் முடி உள்நோக்கி வளர்ந்து கொப்புளம் வரும், டிரிம் செய்தால் போதும். மாதவிடாய் நாளில் பேடின் ஓரம் அறுக்கும்; பழக்கமிருந்தால் கப் வசதி. ஓட்டி முடித்ததும் டீக்கடையில் ஈர ஷார்ட்ஸோடு அரட்டை வேண்டாம், உடனே மாற்றுங்கள். ரோட்டில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று 20 மிதி மிதியுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வீங்கி இரண்டு நாளில் வற்றாவிட்டாலோ, மரத்தது மறுநாளும் நீடித்தாலோ, கட்டியோடு காய்ச்சல் வந்தாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். சைக்கிள் ஓட்டுவதையும் சொல்லுங்கள். 200 கி.மீ. பிரெவேக்குத் தரும் நேரம் 13.5 மணி. அன்றைக்குப் புது சீட் வேண்டாம். 3 வாரம் முன்பே பூட்டி, அதில் ஒரு தடவையாவது 120 கி.மீ. ஓட்டியிருக்க வேண்டும்.